‘பிரிட்டிஷ் பார்லிமெண்டில் முழக்கம்’: சாக்கும் ஈரமும் கழித்தால் எத்தனை கிலோ?

கூடலூர், பந்தலூர், கோத்தகிரி பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் அவ்வப்போது ஒரு செய்தி சுற்றும். ‘மலையகத் தமிழருக்காக பிரிட்டிஷ் பார்லிமெண்டில் எதிர்க்கட்சி எம்.பி. முழக்கம்!’ கூடவே கோட்டு போட்ட ஒருவர் கையை நீட்டிக்கொண்டு நிற்கும் படம். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கைத் தோட்டங்களிலிருந்து கப்பலேறி வந்து டான்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) லயன்களில் குடியேறிய குடும்பங்களுக்கு ஹட்டனில் இன்னும் சொந்தம் உண்டு. லண்டன் ஹாரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் சிலருக்குப் பேரப்பிள்ளைகளே இருக்கிறார்கள். செய்தி பரவாமல் இருக்குமா?

சிக்கல் ‘முழக்கம்’ என்ற சொல்லில் இருக்கிறது. பிரதமரை நேருக்கு நேர் மடக்கினாலும் முழக்கம், ஆளில்லாத சபையில் ராத்திரி பத்து மணிக்குப் பேசினாலும் முழக்கம். இணையத்தில் ஒரு கேள்வியை எழுதிப் போட்டாலும் முழக்கம்தான். சபை நடவடிக்கையே இல்லாத தேநீர் விருந்துக்கும் அதே சொல். மழை நாளில் பச்சைத் தேயிலையை எடை போடுகிறவர் தராசு காட்டியதை அப்படியே நோட்டில் ஏற்றமாட்டார். சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்துவிட்டுத்தான் எழுதுவார். லண்டன் செய்தியில் எதற்கு எவ்வளவு கழிக்கலாம் என்று பார்ப்போம்.

முதலில் யார் எதிர்க்கட்சி? காமன்ஸ் சபையில் (நம் லோக்சபா மாதிரி கீழ்ச்சபை) 650 இடம். 2024 ஜூலை 4 தேர்தலில் லேபர் கட்சி 411 இடங்களோடு ஆட்சிக்கு வந்தது. கன்சர்வேடிவ் 121, லிபரல் டெமாக்ரட் 72. கன்சர்வேடிவ் கட்சிக்கு 2024 நவம்பர் 2 அன்று தலைவரானவர் கெமி பேடனாக். அதனாலேயே அவர் அதிகாரபூர்வ எதிர்க்கட்சித் தலைவர். அந்தப் பதவிக்கு அரசாங்கச் சம்பளம் 1937 முதல் உண்டு. ஈழத் தமிழர் விஷயத்தில் நெடுநாளாகப் பேசிவரும் எட் டேவி, லிபரல் டெமாக்ரட் தலைவர். அவரும் எதிர்க்கட்சிதான், ஆனால் ‘எதிர்க்கட்சித் தலைவர்’ அல்ல. நம் குழுக்களில் அடிக்கடி அடிபடும் உமா குமரன் ஸ்ட்ராட்ஃபோர்ட் அண்ட் போ தொகுதியின் லேபர் எம்.பி.; அதாவது ஆளுங்கட்சி. இந்த மூன்று பேரையும் ஒரே கூடையில் போட்டு ‘எதிர்க்கட்சி எம்.பி.’ என்று எழுதும் செய்தியை அதற்குமேல் படிக்கத் தேவையில்லை.

அடுத்து, பேசியவர் எங்கே உட்கார்ந்திருந்தார் என்று பாருங்கள். எதிர்க்கட்சிப் பக்கத்து முன்வரிசையில், மேசைப் பெட்டி மேல் கையை வைத்துப் பேசுகிறவர் நிழல் அமைச்சர், அதாவது ஒரு துறையைக் கட்சி சார்பில் கவனிப்பவர். 2024 நவம்பரில் நிழல் வெளியுறவு அமைச்சராக நியமிக்கப்பட்ட பிரீத்தி பட்டேல் அங்கிருந்து ஒன்று சொன்னால் அது கட்சியின் நிலை. பின்வரிசை எம்.பி. சொன்னால் அது அவருடைய நிலை மட்டுமே. ‘கன்சர்வேடிவ் கட்சி கோரிக்கை’ என்று தலைப்புப் போட்ட செய்தியைத் திறந்தால், பெரும்பாலும் உள்ளே ஒரு பின்வரிசை உறுப்பினர்தான் இருப்பார்.

இனி பிரதமர் கேள்வி நேரம். புதன்கிழமை லண்டன் நேரம் பகல் 12 மணி, அரை மணி நேரம். நமக்கு அது கோடையில் மாலை 4:30, குளிர்காலத்தில் 5:30. மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பதால் வரும் வித்தியாசம் இது. எதிர்க்கட்சித் தலைவருக்கு ஆறு கேள்வி. மூன்றாவது பெரிய கட்சியின் தலைவருக்கு இரண்டு. மற்றவர்கள் குலுக்கலில் பெயர் வந்தால் ஒன்று கேட்கலாம். வராவிட்டால் ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும் எழுந்து எழுந்து உட்கார்ந்து சபாநாயகரின் கண்ணில் பட வேண்டும்.

நிகழ்ச்சி நிரலுக்காகக் குலுக்கலில் வந்தவர்கள் எழுதிக் கொடுக்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றேதான்: ‘பிரதமரின் இன்றைய அலுவல்கள் என்ன?’ அது சும்மா ஒரு சாவி. முதலில் கேட்பவருக்குப் பிரதமர் அலுவல் பட்டியலைச் சொல்லிவிடுவார். அதன் பின் துணைக்கேள்வி என்ற பெயரில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். நிகழ்ச்சி நிரலைப் பார்த்துவிட்டு ‘இலங்கை பற்றி இந்த வாரம் பிரதமரிடம் கேள்வி வருகிறது’ என்று ஒருவர் முன்கூட்டியே சொன்னால் அவர் ஊகிக்கிறார், அவ்வளவுதான். எதிர்க்கட்சித் தலைவர் எதைக் கேட்கப் போகிறார் என்பதைப் பிரதமருக்கே முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த ஆறு கேள்விக்கு வலு எங்கிருந்து வருகிறது என்பதற்கு 2025 செப்டம்பர் 10 நல்ல உதாரணம். அமெரிக்காவுக்கான தூதர் பீட்டர் மேன்டெல்சனுக்குப் பாலியல் குற்றவாளி எப்ஸ்டைனோடு இருந்த தொடர்பு பற்றி பேடனாக் திரும்பத் திரும்பக் கேட்டார். தமக்கு அவர் மேல் நம்பிக்கை இருப்பதாக பிரதமர் ஸ்டார்மர் சபையில் சொன்னார். மறுநாளே மேன்டெல்சன் பதவி நீக்கப்பட்டார். கேள்வியால்தான் நீக்கம் நடந்தது என்று சொல்ல முடியாது. இடையில் வேறு மின்னஞ்சல்களும் வெளிவந்தன. ஆனால் ‘நம்பிக்கை இருக்கிறது’ என்ற வாக்கியம் தேதியோடு பதிவாகிவிட்டது. அரசுக்கு வலித்தது அதுதான். கன்சர்வேடிவ் எம்.பி. டேவிட் டேவிஸ், நிலையாணை 24 என்ற சபை விதியின் கீழ் அதே விஷயத்தில் கேட்டு வாங்கிய மூன்று மணி நேர அவசர விவாதம் செப்டம்பர் 16 அன்று நடந்தது. அந்த விவாதம் கேட்க எழுகிறவருக்கு மூன்று நிமிடம் தருவார்கள். சபையில் எதிர்ப்பு வந்தால் 40 பேராவது எழுந்து நின்று ஆதரிக்க வேண்டும். கேள்வியும் அவசர விவாதமும் இப்படி அடுத்தடுத்து வந்தால் யாரோ உண்மையாகவே வேலை பார்க்கிறார்கள் என்று அர்த்தம்.

எழுத்துக் கேள்விக்கு வருவோம். நம் குழுக்களில் சுற்றுவதில் இதுதான் அதிகம். இதைத்தான் மக்கள் தப்பாகவும் படிக்கிறார்கள்.

நம் லோக்சபாவில் நட்சத்திரக் கேள்வி, நட்சத்திரமிடாத கேள்வி என்று இரண்டு உண்டு. எதற்கும் குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு. லண்டனில் எழுத்துக் கேள்விக்கு அவ்வளவு காத்திருக்க வேண்டாம். சாதாரணக் கேள்விக்கு ஒரு வாரத்தில் பதில் தருவது மரபு. ‘நாள் குறித்த கேள்வி’ என்று போட்டால் அந்த நாளில் பதில் வர வேண்டும். அப்படி ஒரு நாளைக்கு ஒரு எம்.பி. ஐந்துதான் போடலாம். ஆனால் அந்த நாளில் வருவது பல சமயம் ‘உரிய நேரத்தில் பதில் தர இயலவில்லை’ என்ற ஒற்றை வரி. அதைப் பிடித்துக்கொண்டு ‘பதில் சொல்ல மறுத்தது பிரிட்டன்’ என்று ஒரு செய்தி கிளம்பும். மறுக்கவில்லை, தள்ளிப் போட்டிருக்கிறார்கள். உண்மையான மறுப்புக்கு வேறு முகம்: ‘இந்தத் தகவலைத் திரட்ட அளவுக்கு மீறிய செலவாகும்’ என்று எழுதுவார்கள்.

ஒரு கேள்வியை எடுத்து மேலிருந்து கீழே பார்ப்போம். உச்சியில் ஒரு எண். பிரபுக்கள் சபை என்ற மேல்சபையின் கேள்வி என்றால் அந்த எண்ணுக்கு முன்னால் ‘எச்.எல்.’ என்று இருக்கும். அப்படி இருந்தால் கேட்டவர் எம்.பி.யே அல்ல. அடுத்து கேட்ட தேதி, பதில் வந்த தேதி, துறை. பிறகு கேள்வி. அது எப்போதும் ஒரே வார்ப்பில் இருக்கும்: ‘இலங்கையிலுள்ள தோட்டத் தொழிலாளர் நிலை குறித்து அந்நாட்டு அமைச்சரோடு அண்மையில் என்ன பேசினார் என்று வெளியுறவு அமைச்சரைக் கேட்க.’ அல்லது ‘…குறித்து என்ன மதிப்பீடு செய்திருக்கிறார் என்று கேட்க.’ வாதமோ குற்றச்சாட்டோ சேர்த்தால், கேள்விகளை வாங்கிச் சரிபார்க்கும் சபை அலுவலகத்திலேயே திருப்பி விடுவார்கள். அதனால்தான் காரமான எம்.பி.யும் இங்கே உப்புச்சப்பில்லாமல் எழுதுவார்.

‘என்ன பேசினார்’, ‘என்ன மதிப்பீடு’ என்ற வார்ப்புக்கு வரும் பதிலிலும் பெரும்பாலும் சரக்கு இருக்காது. ‘தொடர்ந்து வலியுறுத்தி வருகிறோம்’ என்ற ரகம்தான். எண்ணிக்கை கேட்கும் கேள்வி வேறு சாதி. எத்தனை விசா விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது, எந்தத் திட்டத்துக்கு எத்தனை பவுண்டு, எந்த ஆண்டில் என்று கேட்டால் துறை ஒன்று எண்ணைத் தர வேண்டும், அல்லது தர முடியாது என்று கையெழுத்துப் போட வேண்டும். இரண்டுமே பயன்படும். என்னைக் கேட்டால் ‘மதிப்பீடு’ கேட்கும் பத்துக் கேள்வியைவிட எண் கேட்கும் ஒரு கேள்வி மேல்.

அதைவிட முக்கியமான அடையாளம் ஒன்று உண்டு. ‘இன்ன தேதியில் இன்ன எண்ணுள்ள கேள்விக்குத் தந்த பதிலைத் தொடர்ந்து…’ என்று சில கேள்விகள் தொடங்கும். முதல் பதிலைப் படித்துவிட்டு, ஓட்டையைக் கண்டுபிடித்து, திரும்ப வந்து கேட்கிறார் என்று பொருள். இந்தத் தொடர் கேள்வி இரண்டு மூன்று வரிசையாக இருந்தால் அந்த எம்.பி.யை (அல்லது அவர் அலுவலகத்தில் இதைக் கவனிக்கும் ஊழியரை) மதிக்கலாம். ‘ஒரே ஆண்டில் 400 கேள்வி கேட்ட எம்.பி.’ என்ற மாதிரி மொத்தக் கணக்கை மட்டும் காட்டினால் நம்ப வேண்டாம். கேள்வியைத் தயாரிப்பது பெரும்பாலும் அலுவலக ஊழியர்கள். மொத்த எண்ணிக்கை அவர்கள் உழைப்பைத்தான் காட்டும்.

‘எர்லி டே மோஷன்’ என்ற தீர்மானத்துக்குப் பெரிய கழிவு போடலாம். ஒரே வாக்கியம், 250 சொல்லுக்குள், முதலில் ஆறு பேர் வரை முன்மொழிவார்கள், பிறகு மற்றவர்கள் கையெழுத்துப் போடுவார்கள். விவாதத்துக்கு வருவது அரிதிலும் அரிது. ‘பிரிட்டிஷ் பார்லிமெண்டில் தீர்மானம்’ என்று நம்மிடம் வருவது பல சமயம் இதுதான். ‘தீர்மானம் நிறைவேறியது’ என்று இதற்குப் பக்கத்தில் போட்டிருந்தால் அது பொய். அமைச்சர்களும் கொறடாக்களும் மரபுப்படி கையெழுத்திடமாட்டார்கள். ஆகவே ‘ஒரு அமைச்சர்கூடக் கையெழுத்திடவில்லை’ என்ற புலம்பலுக்கும் அர்த்தமில்லை.

விதிவிலக்கு இரண்டைச் சொல்லிவிட வேண்டும். எதிர்க்கட்சித் தலைவரே இந்த வடிவில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் போட்டால் கதை வேறு. 1979-ல் மார்கரெட் தாட்சர் போட்டது அப்படித்தான். மார்ச் 28 அன்று 311–310 என்று ஒரே ஓட்டில் லேபர் பிரதமர் காலஹனின் அரசு கவிழ்ந்தது. இன்னொன்று, அரசு கொண்டுவரும் விதிமுறையை ரத்து செய்யக் கோரும் தீர்மானம். விதிமுறை சபையில் வைக்கப்பட்ட 40 நாளுக்குள் இதைப் போட வேண்டும். காமன்ஸ் இப்படிக் கடைசியாக ஒரு விதிமுறையை ரத்து செய்தது 1979 அக்டோபரில். விஷயம் என்ன தெரியுமா? மண்ணெண்ணெய் விலை உச்சவரம்பு! ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றவர்களுக்கு இந்தத் தகவல் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

படத்தைப் பார்த்தே பாதி கண்டுபிடித்துவிடலாம். பச்சை பெஞ்சு எதிரெதிராக இருந்தால் காமன்ஸ். சிவப்பு என்றால் பிரபுக்கள் சபை. குதிரை லாடம் மாதிரி வளைந்த வரிசையும் எழுதும் மேசையும் தெரிந்தால் அது வெஸ்ட்மின்ஸ்டர் ஹால் விவாதம், அல்லது ஏதாவது குழுக் கூட்டம். வெஸ்ட்மின்ஸ்டர் ஹால் விவாதம் 1999-ல் தொடங்கிய ஏற்பாடு. அரை மணி, ஒரு மணி, ஒன்றரை மணி என்று நேரம் ஒதுக்குவார்கள். ‘இச்சபை இன்னதைப் பரிசீலித்தது’ என்பதுதான் பொருள். கொள்கையை மாற்றும் ஓட்டெடுப்பு அங்கே கிடையாது. ஆனால் இதை முற்றாகக் கழிக்காதீர்கள். ஒரு அமைச்சர் உட்கார்ந்து கேட்டு, கடைசியில் எழுந்து பதில் சொல்லியே ஆக வேண்டும். எழுத்துப் பதிலில் நழுவியவர் இங்கே குறுக்கீட்டில் மாட்டுவதுண்டு. இணைய மனுவில் ஒரு லட்சம் கையெழுத்து சேர்ந்தால் விவாதத்துக்கு எடுப்பது பற்றி மனுக் குழு பரிசீலிக்கும். திங்கட்கிழமை மாலை நடக்கும் அந்த விவாதங்களும் இதே அறையில்தான். 10,000 சேர்ந்தாலே அரசு எழுத்தில் பதில் தரும்.

பச்சை பெஞ்சிலேயே ஒரு பொறி உண்டு. நாள் முடிவில் அரை மணி நேர ஒத்திவைப்பு விவாதம். ஒரு எம்.பி. பேசுவார், ஒரு அமைச்சர் பதில் சொல்வார், மற்றவர்கள் கிளம்பிவிடுவார்கள். திங்கட்கிழமை என்றால் லண்டனில் ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கும். நமக்கு விடிகாலை இரண்டரை அல்லது மூன்றரை. வெறும் சபையில் பேசுவது கேமராவில் அசிங்கமாகத் தெரியுமே என்று சக எம்.பி.க்கள் நாலைந்து பேர் பேசுகிறவரைச் சுற்றி நெருக்கி உட்கார்வார்கள். அங்கே இதற்கு ‘டோநட்’ என்று பெயர். நாம் உளுந்து வடை என்று வைத்துக்கொள்ளலாம்: சுற்றிலும் கூட்டம், கேமரா விலகினால் சபையே ஓட்டை. அரை மணி நேர வீடியோவில் 40 விநாடியை மட்டும் வெட்டி அனுப்பியிருந்தால் முழு வீடியோவைத் தேடுங்கள்.

எதிர்க்கட்சிக்கு உண்மையாகவே அதிகாரம் கிடைப்பது ‘எதிர்க்கட்சி நாள்’ அன்று. ஒரு கூட்டத்தொடருக்கு 20 நாள். அதில் 17 அதிகாரபூர்வ எதிர்க்கட்சிக்கு, 3 அடுத்த கட்சிக்கு. அன்று எதைப் பேசுவது என்று அரசு தீர்மானிக்க முடியாது. ஆனால் அன்று நிறைவேறும் சாதாரணத் தீர்மானம் அரசைக் கட்டுப்படுத்தாது. பிறகு எதற்கு? 2009 ஏப்ரல் 29-ஐப் பாருங்கள். ஓய்வுபெற்ற கூர்க்கா வீரர்களுக்குப் பிரிட்டனில் குடியிருக்கும் உரிமை கேட்டு லிபரல் டெமாக்ரட் கட்சி தீர்மானம் கொண்டுவந்தது. வெலிங்டன் பட்டாளத்தைப் பார்த்து வளர்ந்த குன்னூர்க்காரர்களுக்குக் கூர்க்கா யார் என்று விளக்க வேண்டியதில்லை. 267–246. ஆளுங்கட்சியிலேயே பலர் எதிர்த்து ஓட்டுப் போட்டதால் அரசு தோற்றது. சட்டப்படி ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மே மாதமே, நான்கு ஆண்டு பணி முடித்தவர்கள் குடியேறலாம் என்று அரசு இறங்கி வந்தது. ஈழ, மலையக விஷயங்களில் உழைப்பவர்கள் எர்லி டே மோஷனுக்குக் கையெழுத்து சேகரிப்பதைவிட இந்தக் கதையைப் படிப்பது நல்லது. வேலை நடந்தது ஆளுங்கட்சி பின்வரிசையில்.

அதே எதிர்க்கட்சி நாளில் ஒரு கூரிய ஆயுதமும் உண்டு: அரசரிடம் ‘பணிவான விண்ணப்பம்’ என்ற வடிவில், இன்ன ஆவணத்தைச் சபையில் வைக்கக் கோருவது. இது கட்டுப்படுத்தும். 2018 நவம்பர் 13 அன்று, அப்போது எதிர்க்கட்சியில் இருந்த கெய்ர் ஸ்டார்மர் பிரெக்ஸிட் சட்ட ஆலோசனையை வெளியிடக் கோரி இந்த வழியைத்தான் பிடித்தார். அரசு முழுதாகத் தரவில்லை. டிசம்பர் 4 அன்று 311–293 என்று அரசு சபை அவமதிப்புக் குற்றத்துக்கு ஆளானது. மறுநாள் ஆலோசனை முழுதும் வெளியானது. ஆகவே செய்தியில் ‘பணிவான விண்ணப்பம்’ என்று வந்தால் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். இருப்பதில் பணிவே இல்லாதது அதுதான்.

ஓட்டுப் பதிவைப் படிப்பதில் மூன்று தவறு நடக்கிறது. பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் ‘புறக்கணித்தார்’ என்று எழுதிவிடுகிறார்கள். அவர் வெளிநாட்டில் இருக்கலாம், உடம்பு சரியில்லாமல் இருக்கலாம், எதிர்த்தரப்பு எம்.பி. ஒருவரோடு ‘நீயும் வராதே, நானும் வரவில்லை’ என்று பேசி வைத்திருக்கலாம்; அந்த ஏற்பாடு பதிவில் தெரியாது. இரண்டாவது, ஓட்டு எண்ணும் நால்வர் மொத்தத்தில் சேரமாட்டார்கள். அவர்கள் பெயர் தனியாக இருக்கும். மூன்றாவதுதான் விஷமமானது: எதற்கு ஓட்டு என்று பார்க்காமல் விஷயத்துக்கு ஓட்டு என்று எழுதுவது. 2025 ஜனவரி 8 அன்று, சிறுமிகளைச் சீரழித்த கும்பல்கள் பற்றித் தேசிய விசாரணை கோரி கன்சர்வேடிவ் கட்சி கொண்டுவந்த திருத்தம் 364–111 என்று தோற்றது. ‘விசாரணைக்கு எதிராக 364 பேர்’ என்று உலகம் முழுக்கப் பரவியது. திருத்தத்தின் வாசகம் என்ன? குழந்தைகள் நலம், பள்ளிகள் மசோதாவின் இரண்டாம் வாசிப்பையே மறுப்பது. அது வென்றிருந்தால் மசோதா அங்கேயே செத்திருக்கும். ஆளுங்கட்சி எதிர்த்ததற்கு அதுவும் காரணம். மறுபக்கம், கோரிக்கை வீண் என்றும் சொல்ல முடியாது: ஜூன் மாதம் அதே அரசு தேசிய விசாரணையை அறிவித்தது. இரண்டையும் சேர்த்துச் சொல்லும் செய்தி கிடைப்பது கஷ்டம்.

நம் தொழிலைத் தொட்ட ஒன்று. இந்தியா–பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தம் 2025 மே 6-ல் அறிவிக்கப்பட்டு ஜூலை 24-ல் கையெழுத்தானது. பேடனாக் அதைக் கடுமையாகச் சாடினார். முன்பு வர்த்தக அமைச்சராக இதே பேச்சுவார்த்தையை நடத்தியவர் அவர். அவர் பிடித்துக்கொண்ட இடம், தற்காலிகமாக அங்கே அனுப்பப்படும் இந்திய ஊழியர்களுக்கு மூன்று ஆண்டு தேசியக் காப்பீட்டுச் சந்தா விலக்கு. இதை வைத்து ‘எதிர்க்கட்சி எதிர்ப்பால் நீலகிரித் தேயிலைக்கு ஆபத்து’ என்று ஒரு செய்தி வந்தால் நிதானமாகப் பாருங்கள். மொத்தமாக மூட்டையில் போகும் கறுப்புத் தேயிலைக்குப் பிரிட்டனில் ஏற்கெனவே சுங்கம் கிடையாது. ஒப்பந்தம் வந்தாலும் வராவிட்டாலும் அது மாறப்போவதில்லை. பச்சைத் தேயிலை விலையைக் குன்னூர் ஏலத்தில் தேடுங்கள், வெஸ்ட்மின்ஸ்டரில் தேட வேண்டாம். எதிர்க்கட்சி ஒப்பந்தத்தைத் தடுக்க முடியுமா என்றால், 2010 சட்டப்படி ஒப்பந்தம் சபையில் 21 அமர்வு நாள் இருக்க வேண்டும். அதற்குள் காமன்ஸ் எதிர்த்துத் தீர்மானம் போட்டால் தள்ளிப் போகும். ஒப்பந்தத்தில் ஒரு வாக்கியத்தை மாற்ற, வார்த்தையைத் திருத்த வழியே இல்லை. சபையில் இவ்வளவு சிறுபான்மையாக இருந்துகொண்டு அந்தத் தீர்மானத்தை எப்படி நிறைவேற்றுவது என்பது பேடனாக்கின் பிரச்சினை.

சபையே அல்லாத ‘பார்லிமெண்ட்’ ஒன்றும் உண்டு. ஒரு எம்.பி. தன் பெயரில் வளாகத்துக்குள் அறை எடுத்துக் கூட்டம் நடத்தலாம். பொன்னாடை போர்த்தலாம், கேடயம் கொடுக்கலாம். நம் ஊர்ச் செய்தித்தாளில் ‘பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் விருது’ என்று வரும்போது அனேகமாக அது இந்த அறைதான். சபைப் பேச்சுகளின் அதிகாரபூர்வப் பதிவேடான ஹன்சார்டில் அதற்கு ஒரு வரி இருக்காது. அனைத்துக்கட்சிக் குழுக்களும் இப்படித்தான்: தமிழருக்கென ஒன்று உண்டு, உருப்படியான வேலையும் செய்கிறது. ஆனால் அதன் அறிக்கை நாடாளுமன்ற அறிக்கை அல்ல, அட்டையிலேயே அப்படி அச்சிட வேண்டும் என்பது விதி.

சரிபார்க்க நேரம் அதிகம் ஆகாது. முதலில் காலண்டர். சனி, ஞாயிறு சபை இல்லை. வெள்ளி, ஒரு கூட்டத்தொடரில் வழக்கமாக 13 நாள்தான், அதுவும் தனி உறுப்பினர் மசோதாவுக்கு. ஜூலைக் கடைசியிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை விடுமுறை. ஆகஸ்ட் 15 வாக்கில் ‘நேற்று பார்லிமெண்டில்’ என்று வந்தால், அவசரக் கூட்டம் எதுவும் கூட்டப்படாத வரை அது பழைய சரக்கு. காலண்டர் ஒத்துவந்தால் ஹன்சார்ட் தளத்துக்குப் போங்கள். பேசி மூன்று மணி நேரத்தில் எழுத்து வடிவம் ஏறிவிடும். மழையில் சிக்னல் போன எஸ்டேட்டிலும் எழுத்து திறக்கும், வீடியோ திறக்காது.

தேடும் சொல்லில்தான் பலர் தோற்கிறார்கள். ‘தமில்’ என்று மட்டும் போட்டால் வடக்கு, கிழக்கு விவகாரம் குவியும். மலையக மக்களுக்கு அங்கே ஒரே பெயர் இல்லை: அப்கன்ட்ரி, ஹில் கன்ட்ரி, பிளான்டேஷன், இந்தியன் ஆரிஜின், அண்மைக் காலமாக மலையஹ. ஐந்தையும் ஆங்கிலத்தில் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். எதிலும் கிடைக்காவிட்டால் எம்.பி.யின் பெயர்ப் பக்கத்தைத் திறந்து அந்தத் தேதியின் பேச்சைப் படியுங்கள். பேசியவர் தொகுதியும் கட்சியும் பெயருக்குப் பக்கத்திலேயே இருக்கும். மைசொசைட்டி என்ற தொண்டு அமைப்பு நடத்தும் ‘தே ஒர்க் ஃபார் யூ’ தளத்தில் ஒரு சொல்லையோ எம்.பி. பெயரையோ பதிந்து வைத்தால், அது சபையில் வரும்போது மின்னஞ்சல் வரும், செலவில்லை.

நாமே ஒரு கேள்வியைக் கேட்க வைக்க முடியுமா? இங்கிருந்து எழுதினால் பதில் வராது. தன் தொகுதிவாசியின் கோரிக்கையை மட்டுமே எம்.பி. எடுத்துக்கொள்வார் என்பது அங்கே இறுகிய மரபு. எதிர்க்கட்சியோ ஆளுங்கட்சியோ வித்தியாசமில்லை. ஆகவே எழுத வேண்டியவர் ஹாரோவில் இருக்கும் மருமகன். கடிதத்தில் முழு வீட்டு முகவரியும் அஞ்சல் குறியீடும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அலுவலக ஊழியர் முகவரி கேட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்புவார், அங்கேயே ஒரு வாரம் போய்விடும். ஒரே பக்கம், ஒரே கோரிக்கை. ‘குரல் கொடுங்கள்’ என்று எழுதினால் ‘கவலையோடு கவனித்து வருகிறேன்’ என்று பதில் வரும். ‘இந்தத் துறையிடம் இந்த எண்ணைக் கேளுங்கள்’ என்று கேள்வியையே வார்த்து எழுதிக் கொடுத்தால் ஊழியருக்குப் பாதி வேலை மிச்சம். அமைச்சருக்கு எம்.பி. கடிதம் எழுதினால் அமைச்சர் கையெழுத்தோடு பதில் வரும். எழுத்துக் கேள்வி போட்டால் எல்லோரும் பார்க்கும் இடத்தில் வரும். எது வேண்டும் என்று மருமகன் முதல் வரியிலேயே சொல்லட்டும். பதில் வந்ததும் இங்கே அனுப்பும்போது கேள்வி எண்ணையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். அடுத்த ‘தொடர்ந்து’ கேள்விக்கு அதுதான் தேவைப்படும்.